வாசலில் உட்கார்ந்தவள்

உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கள்

தவக்காலம் முடிந்து நேற்றுதான் வெண்ணெயைக் கண்ணால் கண்டோம். இன்று மறுபடி திரிகை. மடத்துக்கே மாவரைப்பவள் நான்தான். வலது தோளைத் தூக்க முடியவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க ரோனாத் அம்மா. அயர்லாந்து பூரா இப்ப தண்ணிதான் மாவரைக்குது" என்கிறான் தச்சன் பெக்கான். கடல் தாண்டி வந்த வித்தையாம். ஆலை தயார். வாய்க்காலில் தண்ணீர் விடுவதுதான் பாக்கி.

செவ்வாய்

பக்கத்து நிலத்துக்காரி டெர்வால் எங்கள் வாசலில் பட்டினி கிடக்க வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளைக் கேட்காமலே அவள் வயலில் வாய்க்கால் வெட்டச் சொன்னவர் மடத்துத் தலைவி லாசரா அம்மா. எங்கள் நாட்டுச் சட்டப்படி, வழக்குத் தீரும்வரை நாங்களும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் மடத்தின் மானம் போயிற்று.

வெண்ணெய் அப்படியே இருக்கிறது. வாய்க்காலைத் தூர்க்கச் சொன்னால்? என் தோள் என்ன கதியாகும்?

புதன்

அம்மா ஒரு பசு தருவதாகச் சொல்லியனுப்பினார். வேண்டாமாம். இரண்டு பசு. அதுவும் வேண்டாமாம். "திமிரு" என்றார் அம்மா.

பசியில் கோபம் தலைக்கேறி நானே வாசலுக்குப் போனேன். மழை. ஈரத் தரையில் சுருண்டு கிடந்தாள்.

"ஏம்மா டெர்வால், ஆலையே வேணாங்கிறியா?"

"யாரு சொன்னா? தண்ணி என் வயல் வழியாத்தானே வருது! வாரத்துல ஒரு நாள் நானும் அரைச்சுக்கணும். என் மக தோளைப் பாத்திருக்கியா நீ?"

இதை அவளிடம் யாருமே கேட்கவில்லை — நானும்தான். வெட்கமாக இருந்தது.

போய்ச் சொன்னேன். "இவ்வளவுதானா?" என்றார் அம்மா. பிறகு மழையோடு மழையாக அவரே போய் அவளைக் கைகொடுத்து எழுப்பினார். வெண்ணெயில் முதல் துண்டு டெர்வாலுக்கு.

வெள்ளி

தண்ணீர் வந்துவிட்டது. அழுதேன்.

ஜூன் மாதம், யோவான் திருநாள், வியாழன்

இன்று டெர்வாலின் நாள். மாவு தானாகக் கொட்டுவதை அவள் மகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கையை எங்கே வைப்பதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

திரிகையின் மேல்கல்லை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனேன். தோள் இடம் கொடுத்தது.

"இது எதுக்கு இங்க?" என்றார் லாசரா அம்மா.

"அடுத்து யாராவது நம்மமேல பட்டினி கிடக்க வந்தா ஈரத்துல உக்கார வேணாமேன்னுதான்."

என்னை உற்றுப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கல்லை இன்னும் கொஞ்சம் கூரைக்கு உள்ளே தள்ளிப் போடச் சொன்னார்.