ஒரே ஒரு பிளாஸ்திரி

திருப்பாதிரிப்புலியூர்
ஞாயித்துக்கிழமை

அன்புள்ள சிலம்பரசனுக்கு அப்பா எழுதுறது. நானும் உங்கம்மாவும் இங்க சொகந்தான், நீயும் தோகாவுல வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பன்னு நம்புறோம். உன் பொண்டாட்டி இலக்கியாவும் கொழந்த குழலியும் சிதம்பரத்துல அவுங்க அப்பா வீட்டுல நல்லா இருக்காங்க. கொழந்தைக்கு ஊசி போடப் போன எடத்துல நடந்தத உன் மாமனாரு ஒரு மாதிரி சொல்லியிருப்பாரு. நான் போன்ல சொன்னா நீ குறுக்க குறுக்கப் பேசுவ, அதான் எழுதி, லீவு முடிஞ்சு அங்க திரும்புற நம்ம தெரு சேரன் கையில குடுத்து வுடுறேன்.

ஒம்பதாம் மாச ஊசின்னு சொன்னதால நானும் சிதம்பரம் போனேன். அவுங்க மாடியில குடியிருக்குறவங்க பிள்ளைக்கு மணல்வாரி அம்மை போட்டு ஒடம்பெல்லாம் செவந்து கெடந்துது. இலக்கியாகிட்ட ஊசி அட்டைய வாங்கிப் பாத்தா பி.சி.ஜி., ஓ.பி.வி., பென்டா, ஆர்.வி.வி., பி.சி.வி.ன்னு ஒரே எழுத்தா இருக்கு. காலம் பூரா கண்டக்டரா இருந்தவன், புரியாதத அப்படியே நம்ப மனசு வரல. ஒனக்கெல்லாம் டி.பி.டி. போட்டோமே, இதுல அது ஏன் காணும், வுட்டுட்டாங்களான்னு கேட்டேன். அது பாவம் சலிச்சுக்காம சொல்லுச்சு. பி.சி.ஜி. காசநோய்க்கு, ஓ.பி.வி. போலியோ சொட்டு மருந்து, ஆர்.வி.வி. வயித்துப்போக்குக்கு, பி.சி.வி. நிமோனியாவுக்கு. டி.பி.டி.ங்கறது தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூணுக்கும், அதோட மஞ்சக்காமாலைக்கும் ஹிப்ங்கற கிருமிக்கும் உள்ளதச் சேத்து அஞ்சும் ஒரே ஊசியா வர்றதுதான் பென்டாவாம். அஞ்ச ஒண்ணாக்குனா அளவக் கொறைச்சிருப்பான்னு எனக்குப் பட்டுது, ஆனா சொல்லல.

உன் மாமனாரு திருநாவுக்கரசு தனக்குத் தெரிஞ்ச தனியார் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஊசி குத்துறதப் பாக்க இலக்கியாவுக்கு மனசு தாங்காது, நாங்க வெளிய ஒக்காந்துட்டோம், அவருதான் கொழந்தைய உள்ள தூக்கிட்டுப் போனாரு. திரும்பி வந்ததும் அட்டையப் பாத்தேன், பி.சி.வி., எம்.எம்.ஆர். ரெண்டுலயும் டிக் போட்டிருக்கு. கொழந்தையப் பாத்தா தொடையில ஒரே ஒரு பிளாஸ்திரி. கையத் தூக்கிப் பாத்தேன், முதுகத் திருப்பிப் பாத்தேன், வேற குத்துன தடமே இல்ல. கேட்டா அங்க இருந்த நர்சுப் பொண்ணு ரெண்டையும் கலந்து போட்டாச்சுங்குது. பென்டா மாதிரி இதுவும் கலந்ததுதான், எல்லாத்துக்கும் சந்தேகப்பட்டா எப்படின்னு உன் மாமனாருக்குக் கோவம் வந்துடுச்சு, நாலு பேரு முன்னால என்னை அதட்டுனாரு. நானும் ஒரு நிமிசம் தடுமாறிட்டேன். இலக்கியாதான் எழுந்து, எம்.எம்.ஆர்.னா மணல்வாரி, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா, அத பி.சி.வி.யோட ஒரே ஊசியில கலக்கவே மாட்டாங்கப்பான்னு சொல்லிட்டு நேரா டாக்டர் ரூமுக்குப் போயிடுச்சு. டாக்டரு வந்து பிரிட்ஜத் தெறந்து பாத்தா எம்.எம்.ஆர். மருந்தே இல்ல, இன்னும் வரலயாம். வந்ததும் போட்டுக்கலாம்னு அந்தப் பொண்ணு முன்கூட்டியே டிக் பண்ணியிருக்கு. டாக்டரு மன்னிப்புக் கேட்டாரு. எனக்கு அவர் மேலயும் நம்பிக்கை இல்ல. மாடியில மணல்வாரிய வச்சிக்கிட்டு இத நம்பிக் காத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நீயே நெனச்சுப் பாரு.

மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் எம்.ஆர். போட்டோம். அங்கயும் ஒரு எம் எங்க போச்சுன்னு கேட்டேன், இங்க மணல்வாரிக்கும் ருபெல்லாவுக்கும் மட்டுந்தான், பொன்னுக்கு வீங்கிக்கு அப்புறமா வெளிய போட்டுக்கலாம்னாங்க. இந்தத் தடவ நானே உள்ள போய் ஊசி ஏறுறத கண்ணால பாத்தேன். கொழந்த அழுதுட்டு என் தோள்லயே தூங்கிடுச்சு. ராத்திரி லேசா காய்ச்சல், காலையில சரியாயிடுச்சு.

நான் கெளம்புற வரைக்கும் உன் மாமனாரு எங்கிட்ட வாயத் தொறக்கல. ஆனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாரு, எனக்கு ஜன்னலோரமா எடம் புடிச்சுக் குடுத்தாரு, பஸ் நகரும்போது மட்டும், "சம்பந்தி, அடுத்த ஊசிக்கும் வந்துடுங்க"ன்னாரு. குத்தலா சொன்னாரா நெசமா சொன்னாரான்னு கடலூர் வர்ற வரைக்கும் யோசிச்சேன், இன்னும் புரியல. எதுக்கும் நான் போவேன்.

அவருக்கு நீ ஒரு போன் போடு, நடந்ததக் கேட்டுச் சங்கடப்படுத்தாத. வெயில்ல தண்ணி ஜாஸ்தி குடி. நீ எந்தக் கொறையும் இல்லாம நல்லா இருக்கணும், எங்க ரெண்டு பேரு ஆசீர்வாதம் எப்பவும் ஒனக்கு உண்டு.

இப்படிக்கு
உன் அப்பா
ராஜமாணிக்கம்