எண்ணெய்த் துளை இல்லாத ரீல்

நேற்று எதிர் வீட்டில் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டார்கள். ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்ததும் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். உன் கையில் எப்போதும் அந்த வாசனைதான் இருக்கும். வொர்க்‌ஷாப்பில் எட்டு மணி நேரம் கிரீஸோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி அந்த எண்ணெயில் விரலை நனைப்பாய். தூண்டில் நூல் சுற்றும் பழைய ரீல்களுக்கு அதைவிட நல்ல எண்ணெய் இல்லை என்பாய்.

உனக்கு இதை எழுத உட்காருவதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

நம் சுரங்க டவுன்ஷிப் உருவான காலத்தில் இங்கே வேலை செய்த ஜெர்மன் இன்ஜினியர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப்போன சாமான்களில் அந்த ரீல்களும் இருந்தன. டிரைவர், சமையல்காரர் வீட்டுப் பரண்களில் அவை தங்கிவிட்டன. ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டு நீயும் நானும் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவற்றை எடுத்துக்கொண்டு வாலாஜா ஏரிக்குப் போவோம். மீன் பிடித்ததைவிடப் பேசியதுதான் அதிகம்.

ஒரே பெயர், ஒரே பச்சை நிறம். ஆனால் அதற்குள் முந்தியது, பிந்தியது என்று இரண்டு உண்டு என்பதைக் கண்டுபிடிக்கவே நமக்கு ஒரு வருடம் ஆயிற்று. முந்தியதில் நூலை வளைத்துச் சுற்றுகிற கம்பி அரை வளையமாக இருக்கும், கைப்பிடிக் குமிழ் மரம். பிந்தியதில் கம்பி முழு வளையம், குமிழ் பிளாஸ்டிக். இவற்றையெல்லாம் கழற்றி மாற்றிவிடலாம். ஆனால் ரீலின் உடம்பு பொய் சொல்லாது. பிந்தியதின் அடிவயிற்றில் எண்ணெய் விட ஒரு சின்னத் துளை இருக்கும். முந்தியதில் இருக்காது.

"பெயிண்ட்ட நம்பாத மாப்ள, திருகாணியப் பாரு. தலை தேஞ்சிருந்தா எவனோ உள்ள கைய வுட்டிருக்கான்" என்பாய். அப்படிப் பார்க்கக் கற்ற கண்ணால்தான் பிறகு உன்னையும் பார்த்தேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு ரீல் இருந்தது உனக்குத் தெரியும். அப்பா ஒரு ஜெர்மன்காரருக்கு ஜீப் ஓட்டியவர். ஊருக்குக் கிளம்பிய அன்று அந்தத் துரை தன் கையாலேயே அதைக் கொடுத்தார் என்று அப்பா சொல்லாத ஆள் கிடையாது. பீரோவில் துணி சுற்றி வைத்திருப்பார், யாரையும் தொட விடமாட்டார். சின்ன வயதில் ஒருமுறை தெரியாமல் எடுத்துக் கீழே போட்டேன். குமிழின் ஓரம் சில்லாகத் தெறித்தது. வாங்கிய அடியில் அதன் பிறகு நான் அதைத் தொட்டதே இல்லை. அந்தக் குமிழ் மரமா பிளாஸ்டிக்கா என்பதுகூட நினைவில் தங்கவில்லை.

தானே புயலுக்கு மறு வருடம் கிளப்பில் பழைய பொருள்களின் கண்காட்சி வைத்தார்கள். அப்பா ரீலோடு உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கதை சொல்வது என்று ஏற்பாடு. பழைய ரீல் சேகரிக்கிற ஒருவர் பாண்டிச்சேரியிலிருந்து வருகிறார் என்று தெரிந்த மறுநாள் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய்.

"ஒரு வாரம் குடுங்கப்பா, சுத்தம் பண்ணித் தர்றேன்."

அப்பா கொஞ்சம் தயங்கினார். "நீ கேக்கறதால குடுக்கறேன். பத்திரமா கொண்டுகினு வா."

கண்காட்சியில் அந்தப் பாண்டிச்சேரிக்காரர் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப அபூர்வம் பெரியவரே" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. வெளியே வந்ததும் பாண்டிச்சேரிக்காரர் என்னைத் தனியாக அழைத்தார்.

"மேல இருக்கறதெல்லாம் முந்தின மாடல். உடம்பு மட்டும் பிந்தினது, துளை இருக்கு. ரெண்டு ரீலக் கலந்திருக்காங்க. திருகாணி எல்லாம் புதுசாக் கழட்டின தடம். கடைசியா யார் கையில இருந்துச்சு சார்?"

யாரிடமும் இல்லை என்றேன். ஆனால் மனசில் உன் பெயர் விழுந்துவிட்டது. துளை இல்லாத அசல் உடம்பை நீ வைத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்துவிட்டாய் என்று அங்கேயே முடிவு கட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் குமிழில் அந்தச் சில்லுத் தடமும் இல்லை. மறுநாள் உன்னைக் கேட்டேன்.

"வெடிச்சிருந்துச்சு, மாத்திட்டேன்" என்றாய்.

"பழசு எங்க?"

"எங்கயாவது கெடக்கும்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

அதற்கு அடுத்த வாரம் டீ குடிக்கிற சாக்கில் உன் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். நீ உள்ளே போன நேரத்தில் அலமாரியில் இருந்த ரீல்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். நிமிர்ந்தால் நீ இரண்டு டம்ளரோடு கதவருகே நிற்கிறாய்.

"என்ன மாப்ள தேடற?"

"ஒண்ணுமில்ல."

"கெடச்சா சொல்லு" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனாய்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் புத்தி வந்திருக்கலாம். வரவில்லை. நீ அதை வேறு எங்கேயோ பதுக்கியிருப்பதாக இன்னும் உறுதியானது. கேன்டீனில் நாலு பேர் இருக்கும்போது, "அவன் கைக்குப் போனது முழுசாத் திரும்பி வராது" என்று சொன்னேன். அது இரண்டு நாளில் உன் காதுக்கு வந்தது. நீ என்னிடம் கேட்கவே இல்லை. பழைய சாமான் வைத்திருந்தவர்கள் உனக்குக் கதவைத் திறப்பதை நிறுத்தினார்கள். ஒரே ஷிப்ட் பஸ்ஸில் நீ முன்னால், நான் பின்னால் என்று மூன்று வருடம் போனோம். நெஞ்சு வலி என்று உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன செய்தியும் அந்தப் பஸ்ஸில்தான் எனக்குத் தெரிந்தது. கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் பின்னால் நின்றேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது உன் மனைவி மார்த்தா ஆள் அனுப்பினாள். "உங்ககிட்ட குடுக்கணும்னு எடுத்து வெச்சேன்ண்ணே. இது என்னா ஏதுன்னு எங்களுக்குத் தெரியாது" என்று ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தாள். அவள் எதையும் கேட்கவில்லை, ஆனால் நான் போகும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியில் உன் நோட்டு. ஒவ்வொரு ரீலுக்கும் ஒரு பக்கம். எங்களுடையதற்கு இப்படி எழுதியிருந்தாய்:

"அப்பாவோடது. முழுசும் பிந்தினது. துரை ஊருக்குப் போய் நாலு வருஷம் கழிச்சு வந்த மாடல். கண்காட்சியில எவனாவது சொன்னா தாங்க மாட்டார். என்னோட முந்தின ரீல்லேர்ந்து அரை வளையம், குமிழ் எடுத்துப் போட்டுட்டேன். என்னோட ரீல் உடம்புல விரிசல், அது ஆகாது. துளைய யாரும் பாக்காம இருக்கணும்."

சொன்னால் நம்புவாயா? அதைப் படித்ததும் முதலில் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. பின்னால் எழுதி வைத்த கதையோ என்று. பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் முழு வளையக் கம்பியும் ஒரு குமிழும் இருந்தன. பிளாஸ்டிக் குமிழ். ஓரத்தில் நான் தெறிக்கவைத்த சில்லின் தடம். விரலை வைத்துப் பார்த்தேன். 

மறுநாள் கேன்டீனில், அதே ஆட்களிடம், நான் சொன்னது தப்பு என்றேன். அப்பாவின் ரீல் துரை கொடுத்தது இல்லை என்பதைச் சொல்லாமல் எப்படி விளக்குவது? குழறினேன். ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே, "வுடுங்க, செத்த ஆளப் பத்தி அப்பிடித்தான் சொல்லணும்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் சொன்ன பொய்யை ஒரே நாளில் நம்பியவர்கள் உண்மையை நம்ப மறுத்துவிட்டார்கள். இன்னும் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அப்பா கேட்டார். "மார்த்தா வூட்டுக்குப் போயிருந்தியாமே. அவன் நோட்டக் குடுத்தாளாமே, அதுல நம்ம ரீலப் பத்தி எதுனா எழுதி வெச்சிருக்கானா?"

"சுத்தம் பண்ணினதா எழுதியிருக்கான்ப்பா."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "நல்ல பையன்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

துரை கொடுத்தது என்னவாயிற்று, இது எங்கிருந்து வந்தது, நீ மாற்றியது அவருக்குத் தெரியுமா என்று எதுவும் எனக்குத் தெரியாது. கேட்கப்போவதும் இல்லை. நோட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து, நாலாக மடித்து, என் ஐடி கார்டு உறைக்குள் கார்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஷிப்டுக்கும் கேட்டில் எடுத்துக் காட்டுகிறேன். செக்யூரிட்டி என் போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போங்க என்கிறார்.