படம் வரைந்து பாகங்களைக் குறி

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஆபீசில் மறுபடியும் மனிதக் காதின் குறுக்குவெட்டு. ஆறாம் வகுப்புக் காது, எட்டாம் வகுப்புக் காது, இப்போது பத்தாம் வகுப்புக் காது. இருபத்தோரு வருஷமாகப் பாடப்புத்தகத்துக்குப் படம் போடுகிறவளுக்குக் காது புளித்துப்போகாமல் என்ன செய்யும்?

சாயங்காலம் தச்சர் பலகையைக் கொண்டுவந்து முன்னறையில் சாத்திவிட்டுப் போனார். ஆறடி உயரம், நாலடி அகலம். நூலகத்தில் குழந்தைகளுக்கென்று புது அறை 28ஆம் தேதி திறக்கிறது, அதன் பெரிய சுவருக்கு. நூலகர் அம்மா கேட்டது இவ்வளவுதான்: "எந்தப் புத்தகத்துலயும் இல்லாத ஒருத்தியை வரைஞ்சு கொடுங்க." நானும் தலையை ஆட்டிவிட்டேன். வாசல் வரை வந்துவிட்டு அவரே சொன்னார்: "சரியா வரலைன்னா மனசுல வெச்சுக்காதீங்க. உலகப் படம் ஒண்ணு சுருட்டி வெச்சிருக்கேன், அதை மாட்டிக்கலாம்."

அந்த உலகப் படத்தின் மேல் எனக்கு இப்போதே ஆத்திரம்.

ஆனால் அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. நான் இதுவரை வரைந்ததெல்லாம் ஏற்கெனவே உலகத்தில் இருப்பவை. காது, சிறுநீரகம், செம்பருத்திப் பூ. இல்லாத ஒன்றை வரைய எனக்கு வருமா? இருபத்தைந்து நாளில் தெரிந்துவிடும்.

மார்ச் 5, வியாழன்

பலகைக்கு வெள்ளைப் பூச்சு இரண்டாம் கை. காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வீடெல்லாம் வெள்ளைப் பொடி. என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். கண்ணாடிக்கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிற மனுஷனுக்கு வீட்டுக்கு வந்தும் அதே வேலை.

மார்ச் 8, ஞாயிறு

காலையிலிருந்து பென்சிலும் அழிரப்பரும். சிறகுள்ள ஒருத்தி என்பது முடிவாகிவிட்டது. ஆனால் சிறகை எங்கே ஒட்டுவது? முதுகில் என்று எல்லோரும் சொல்லிவிடலாம். சிறகை அடிக்கிற தசை எதில் பிடித்துக்கொள்ளும்? பறவைக்கு நெஞ்செலும்பு கூராக முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், தசை அதில்தான் ஒட்டும். இவள் எடைக்குக் கணக்குப் போட்டால் நெஞ்செலும்பு ஒன்றரை அடி முன்னால் வர வேண்டும். போட்டேன். கால் மெலிய வேண்டும். மெலிய வைத்தேன். எலும்புக்குள் காற்றறை வேண்டும். அதையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் இவர் வந்து கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கோழி ஏன் இப்படி விறைச்சிட்டு நிக்குது?"

சண்டை போட்டேன். எலும்பு, தசை, எடை எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அவ பறந்து எந்த ஊருக்குப் போகணும்? சுவத்துலதானே நிக்கப் போறா? நிக்கிறவளுக்கு எதுக்கு இத்தனை தசை?" என்றார்.

 

மார்ச் 9, திங்கள்

கோழியை அழித்தேன். இனி எலும்பைப் பற்றி யோசித்தால் என்னை நானே கிள்ளிக்கொள்வது என்று முடிவு.

மார்ச் 12, வியாழன்

என்ன நாள் இது. 

பலகையின் மேல்பாதியில் தடித்த தாளை ஒட்டி, ஈரம் காயும் முன்பே நீலத்தை ஓட விட்டேன். கொஞ்சம் ஊதா, ஓரத்தில் ஒரு சொட்டுப் பச்சை. அதன்மேல் சமையலறைக் கல்லுப்பை அள்ளித் தூவினேன். உப்பு நிறத்தைக் குடித்துக் குடித்து, ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் ஒரு வெள்ளைப் பூ. எங்கே பூக்கும் என்று எனக்குத் தெரியாது. ஸ்கேல் இல்லை, அளவு இல்லை, மேலதிகாரியின் கையெழுத்து இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து காய்வதை வேடிக்கை பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும்.

மார்ச் 14, சனி

இறகுக்குப் பழைய அச்சுத் தாள் வேண்டும். கிழிந்த புத்தகம் ஏதாவது கிடைக்குமா என்று நூலகர் அம்மாவிடம் போய்க் கேட்டேன். புத்தகத்தையா கிழிக்கப் போறீங்க என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில், இருக்கிற உறுப்பினர் அட்டையும் பறிபோய்விடும் போலிருந்தது. பேச்சை மாற்றிவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் கைகொடுத்தது எங்கள் ஆபீஸ்தான். பிழை பார்க்கிற அண்ணன் ஒரு கட்டுப் பழைய புரூஃப் தாளைத் தூக்கிக் கொடுத்தார். "என் சிவப்பு மையும் சேர்ந்து பறக்கட்டும்" என்றார். முன்னூற்றுப் பத்து இறகு வெட்டியிருக்கிறேன். தேநீர்த் தண்ணீரில் முக்கிக் கொடியில் போட்டுக் காயவைத்தேன். ஓர் இறகில் "சுரப்பி" என்று இருக்கிறது, இன்னொன்றில் "விடுபட்டது, சேர்க்கவும்" என்று அண்ணனின் கையெழுத்து. அதை அவள் தோளுக்குப் பக்கத்தில் ஒட்டப் போகிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

பழைய திரைச்சீலையைப் பசையில் நனைத்து இடுப்பிலிருந்து மடிப்பு மடிப்பாகப் படிய விட்டேன். காய்ந்ததும் பலகை மாதிரி விறைத்துக்கொண்டது. துணி கொஞ்சம் மிஞ்சியது. வெட்ட மனம் வரவில்லை. அப்படியே சுருட்டிப் பின்னால் ஓட விட்டதும் அது வாலாகிவிட்டது. நான் திட்டமிடவே இல்லை.

இவர் கடையிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்து கொட்டினார். கீறல் விழுந்த லென்ஸ், பவர் தப்பாய்த் தேய்த்த லென்ஸ், யாரும் வந்து வாங்காத லென்ஸ். "உன் ஆளுக்குச் செதில்" என்றார். ஒவ்வொன்றாக வாலில் ஒட்டினோம். அவர் பிடிக்க, நான் பசை வைக்க. கல்யாணமாகி இத்தனை காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையைச் சண்டையில்லாமல் முடித்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

முகம் வந்துவிட்டது. யார் சாயலும் இல்லை. கொஞ்சம் திமிர் பிடித்தவள்.

மார்ச் 19, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

நேற்று நடந்தது. கறுப்பு மையால் வெளிக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வலது கை வரை முடித்தாயிற்று. அப்போது பிழை பார்க்கிற அண்ணன் போனில் கூப்பிட்டார். காதுப் படத்தில் செவிப்பறைக்குப் போகிற கோடு அரை சென்டிமீட்டர் தள்ளிப் போய் முடிந்திருக்கிறதாம். நான் தள்ளவில்லை என்கிறேன், அவர் தள்ளியிருக்கிறது என்கிறார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பத்து நிமிஷம் வாதாடினேன்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் - அவள் முழங்கையிலிருந்து வலப்பக்க ஓரம் வரை வானத்தின் குறுக்கே ஒரு நேர்கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. கோட்டின் முடிவில், என் அழகான அச்சு எழுத்தில், "முழங்கை".

நானா போட்டேன்? என் கைதான் போட்டது. இருபத்தோரு வருஷப் பழக்கம், என்னைக் கேட்காமலே போட்டுவிட்டது. அழியாத மை வேறு. ஈரப் பஞ்சை வைத்து ஒற்றினேன், உப்பு பூத்த நீலந்தான் கரைந்து வந்தது, கோடு அசையவில்லை. அந்த வானத்தை மறுபடி கொண்டுவர முடியாது. எங்கே பூக்கும் என்று எனக்கே தெரியாமல் பூத்தது அது.

ஐயோ, எவ்வளவு ஆசையா செஞ்சேன். எனக்கு எதுக்கு இந்த வேலை? காதும் மூக்கும் வரையத்தான் லாயக்குன்னு இந்தக் கையே சொல்லுது. எல்லாத்தையும் பேசாம மூடி வெச்சுட்டு அந்த உலகப் படத்தையே மாட்டச் சொல்லிடறேன் என்று இவரிடம் புலம்பினேன்.

இவர் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பிறகு அந்தப் பக்கம் போய் நூலகர் அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கிறார். நாளைக்கு வருகிறாராம்.

மார்ச் 21, சனி

நூலகர் அம்மா வந்தார். பலகைமேல் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடி வைத்திருந்தேன். "முதல்லயே சொல்லிடறேன், கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே எடுத்தேன்.

அவர் செருப்பைக் கழற்றியவர் கழற்றியபடியே நின்றார். வால், திரைச்சீலை, இறகு, முகம் என்று கண் மேலே போனது. பிறகு கோட்டைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் வந்தது. "முழங்கை" என்று வாய்விட்டுப் படித்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மத்ததுக்கெல்லாம் ஏன் போடலை?"

"எதுக்கு?"

"முழங்கைக்கு மட்டும் பேர் போட்டு விட்டிருக்கீங்க. தோளுக்கு, சிறகுக்கு, அந்தக் கண்ணாடி கண்ணாடியா இருக்கே அதுக்கு? அரைகுறையா விட்டா எங்க பிள்ளைங்க சும்மா இருக்க மாட்டாங்க. படம் வரைந்து பாகங்களைக் குறின்னா, முழுசாக் குறிக்க வேண்டாமா?"

அவர் கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. இது நான் வேண்டுமென்றே செய்தது என்று நினைத்துவிட்டார். இவர் சமையலறை வாசலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.  "இன்னும் முடியலை, அதான்" என்று மட்டும் சொன்னேன். பொய் சொன்னதாக ஆகாது, உண்மையிலேயே முடியவில்லை.

அவர் போன பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இறகு துணியாக மாறுகிற அந்த இடத்துக்கு என்ன பெயர்? தெரியாது. வானத்தின் நீலம் அவள் கழுத்தில் ஏறியிருக்கிறதே, அதற்கு? எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் கிடைக்காது. எனக்கே தெரியாத பெயரை நான் எப்படி எழுதுவேன்? பிறகுதான் உறைத்தது. நான் எழுத வேண்டியதே இல்லையே.

மார்ச் 24, செவ்வாய்

பதினெட்டுக் கோடுகள். மையில் போடவில்லை. கறுப்பு நூலைப் பாகத்திலிருந்து ஓரம் வரை இழுத்து, இரண்டு முனையிலும் சின்ன ஆணி. முழங்கையின் மைக்கோட்டோடு சேர்த்துப் பத்தொன்பது. "முழங்கை" என்ற எழுத்தின் மேல் ஓர் இறகை ஒட்டி மறைத்துவிட்டேன். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஒரு கிளிப், கிளிப்பில் வெற்று அட்டை.

கோடு ஒன்றையொன்று வெட்டக் கூடாது, நுனியில் அம்புக்குறி கூடாது, பெயர் எல்லாம் வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டும். விதி விதிதான். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மார்ச் 26, வியாழன்

வண்டி வந்தது. பலகையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த சிறகு வாசல்நிலையில் இடித்துக்கொண்டு வெளியே போக மாட்டேன் என்றது. சாய்த்து, திருப்பி, கதவையே கழற்றி எடுத்த பிறகுதான் வழி கிடைத்தது. "நல்லவேளை, தசை வெக்கலை" என்றார் இவர். முன்னறை இப்போது ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. கொஞ்சம் அழுகை வந்தது.

மார்ச் 28, சனி

காலை பத்து மணிக்கு அறை திறந்தது. நான் கடைசி அலமாரிக்குப் பின்னால் ஒரு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளைகள் வந்தார்கள். பார்த்தார்கள். வாலைத் தொட்டார்கள். லென்சுக்குள் தங்கள் மூக்கு பெரிதாகத் தெரிவதைக் கண்டு சிரித்தார்கள். மேசையில் பென்சில், அட்டை எல்லாம் இருந்தும் ஒருவரும் எழுதவில்லை. அரை மணி நேரம் போனது. ஒரு மணி நேரமும் போனது.  வெற்றுக் கோடுகளோடு அவள் நிற்பதைப் பார்த்தால் விடை தெரியாத தேர்வுத்தாள் மாதிரியே இருந்தது. சுருட்டி வைத்த உலகப் படம் அலமாரி மேலேயே இருக்கிறது, பார்த்தேன்.

அப்போது பல் விழுந்த ஒருவன் நூலகர் அம்மாவிடம் போய் மெதுவாகக் கேட்டான்: "தப்பா எழுதினா மார்க் குறைப்பீங்களா?"

"மார்க்கே கிடையாது."

"அப்ப விடை எங்க இருக்கு?"

"விடையும் கிடையாது. நீ எழுதறதுதான்."

அவன் நம்பவில்லை. என்னைப் போல ஆள்தான். நாற்காலியில் ஏறி, இறகு துணியாகிற இடத்துக் கோட்டில், நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினான். அவன் இறங்கியதும் எல்லோரும் மேசையை மொய்த்துவிட்டார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன். இறகு துணியாகிற இடம்: "இங்கதான் மாறுவா". கழுத்து நீலம்: "முழுங்கின ஆகாயம்". உதடு: "சொல்ல மாட்டா". முழங்கை: "இடிச்சா ஷாக் அடிக்கும்". இது ஒன்றுதான் உடற்கூற்றுப்படியும் சரி.

நூலகர் அம்மா போன் பண்ணினார். உலகப் படத்தைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டாராம். வாரம் ஒருமுறை பழைய அட்டைகளை எடுத்துவிட்டுப் புது அட்டை வைப்பாராம்.

ஏப்ரல் 18, சனி

புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போனேன். இவர், "போ போ, அவளைக் கேட்டதாச் சொல்லு" என்றார்.

அறையில் கூட்டமில்லை. பதினெட்டு அட்டையில் எழுத்து இருந்தது, ஒன்று மட்டும் காலி. திரைச்சீலைத் துணி சுருண்டு பின்னால் ஓடுகிறதே, அதன் கோடு. இதுவரை நான் ஒன்றுகூட எழுதியதில்லை. கை சும்மா இருக்குமா? பென்சிலை எடுத்து, என் அச்சு எழுத்தில் "வால்" என்று எழுதிச் செருகினேன்.

"ஆன்ட்டி, தப்பா எழுதியிருக்கீங்க."

திரும்பினேன். ஒரு சிறுமி, எட்டு வயது இருக்கும். அவள் கவுனைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, இன்னொரு சின்னது.

"அது வால் இல்ல" என்றாள்.

"பின்ன என்ன?"

"அவ தங்கச்சி. எங்க போனாலும் பின்னாடியே வரும். விட்டுட்டு வரவே முடியாது."

செவிப்பறைக் கோட்டுக்காக இன்றுவரை பிழை பார்க்கிற அண்ணனோடு சரியாகப் பேசாதவள் நான். அட்டையை எடுத்தேன். "வால்" என்பதை ஸ்கேல் இல்லாமல் அடித்துவிட்டு, கீழே "தங்கச்சி" என்று எழுதி அவளிடம் நீட்டினேன்.

ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்தாள். சின்னதையும் தூக்கிக் காட்டினாள்.

"ம். இப்போ சரி."