ராணியம்மா சொன்ன குதிரை வார்த்தை

அன்பு மகன் தூரேவுக்கு, அப்பா பொட்வித் வாயால் சொல்ல, கோயில் மணியடிக்கும் யோன் கையால் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா குன்னிலும் பெட்டைக்குதிரை ஸ்வாலாவும் ஆண்டவர் தயவில் சுகம், கடல் தாண்டி ரேவல் கோட்டையில் நீயும் உன் கால்விரல்கள் பத்தும் சுகமாக இருக்கவேண்டும். ஏரி இன்னும் பனியாய் உறைந்துதான் கிடக்கிறது, சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டது. உன் சேவகக் காலம் முடிந்தும் தளபதி விடமாட்டேன் என்கிறான் என்று நீ சொல்லியனுப்பியதிலிருந்து உன் அம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டாள், ஏதோ நான்தான் உன்னைக் கோட்டைக்குள் வைத்துப் பூட்டியதுபோல. அந்த நேரம் பார்த்துத்தான் செய்தி வந்தது. ராஜா காலமாகி மூத்த தாரத்து மகன் பட்டத்துக்கு வந்துவிட்டதால் நம் ராணியம்மா அரண்மனையை விட்டுத் தன் பண்ணைவீட்டுக்கே வருகிறாராம், கல்யாணத்துக்கு மறுநாள் விடியலில் ராஜா அவருக்கென்று கொடுத்தாரே, ஏரிக்கு அக்கரையில், அந்த வீட்டுக்கு. சறுக்குவண்டிக்குக் குதிரை கொடுக்கும் முறை இந்தத் தடவை நம் வீட்டுக்கு வந்தது. "யோவ், வாயைத் தொறந்து ராணியம்மாகிட்ட பையனை விடச்சொல்லிக் கேக்காம மட்டும் வந்தீரு, ராத்திரிப் படுக்கை உமக்கு ஸ்வாலாவோடதான்" என்று சொல்லித்தான் உன் அம்மா என்னை அனுப்பினாள்.

ராணியம்மா கல்யாணப் பெண்ணாக ஜெர்மன் சீமையிலிருந்து வந்தபோதும் இந்தப் பாதையில் வண்டி ஓட்டியவன் நான்தான், உனக்குத் தெரியும். அப்போது எனக்கு மீசை அரும்பிய வயது, அவருக்கு அதைவிடக் குறைவு. பச்சைக் கையுறையின் இடது கட்டைவிரல் நுனி கிழிந்திருந்ததுகூட இன்னும் கண்ணில் நிற்கிறது. நம் பேச்சில் ஒரு வார்த்தை தெரியாது. நான் ஒவ்வொரு ஊரிலும் குதிரையைப் பார்த்து "ப்த்ரூ" என்பேன், வண்டி நிற்கும், சனங்கள் ஓடிவந்து குனிந்து வணங்கிச் சூடான பீர் கொடுப்பார்கள். அந்தப் பெண் இதைப் பார்த்தது, சரி, "போதும், மிகவும் நன்றி" என்பதற்கு இங்கே இதுதான் மரியாதையான சொல் என்று மனதில் முடிந்துவைத்துக்கொண்டது. கல்யாண விருந்தில் ஆயர் எழுந்து ஆசி சொல்ல ஆரம்பித்தார், வாத்துக்கறி ஆறிக் கொழுப்பு உறைகிறது, மனிதர் வேதத்தின் தொடக்கத்து ஆபிரகாம் கதையையே இன்னும் தாண்டவில்லை. ராணியம்மா கைகூப்பித் தலைகுனிந்து, பூப்போல, "ப்த்ரூ" என்றார். ஆயர் பாதிச் சொல்லில் நின்றுவிட்டார். ராஜா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்த சத்தம் லாயத்தில் எங்களுக்கே கேட்டது.

இந்தத் தடவை வண்டியில் ஏறியதும் என் முதுகைத் தட்டினார். "ஏம்ப்பா, எனக்கு அந்த வார்த்தையைக் கத்துக்கொடுத்த பாவி நீதானே?" என்றார். "நான் குதிரைக்குத்தான் சொன்னேன் தாயி, நீங்கதான் ஒட்டுக்கேட்டீங்க" என்றேன். அவ்வளவுதான், வயிறு குலுங்கச் சிரித்து, பிறகு வழியெல்லாம் பேச்சுதான். உண்மை அர்த்தம் தெரிந்தபிறகும் அந்தச் சொல்லை விடவில்லையாம். ராஜா கோபத்தில் யாரையாவது சிறையில் போடு என்று கத்தினால் இவர் காதருகே போய் மெதுவாக அதைச் சொல்வாராம், அவர் உடனே சிரித்துவிடுவாராம். சமையல்காரன் ஒருவன் தலை இரண்டு தடவை அப்படித்தான் தப்பியதாம். பஞ்சத்தில் கருவூலக்காரன் களஞ்சியத்தைப் பூட்டப் போனபோது அவனையும் அதே சொல்லால்தான் நிறுத்தினாராம். "போருக்குக் கிளம்பினப்ப மட்டும் ராஜா நிக்கலை. என் பெரிய மகனையும் கூட்டிட்டுப் போனார். அவன் வரவே இல்லை" என்றார். தூரே, நான் உன்னைப் பற்றிக் கேட்க வாய் எடுத்தது அப்போதுதான், எடுத்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் என் பிள்ளையைக் கொடு என்று எப்படிக் கேட்பது? பிறகு அவரே கலகலப்பாகிவிட்டார், இனி யார் வந்தாலும் எழுந்து நிற்கவேண்டியதில்லை, காலையில் பாலாடைக்கட்டி, மத்தியானம் தூக்கம் என்று திட்டமெல்லாம் சொன்னார்.

பண்ணைவீட்டில் இறக்கிவிட்டுக் கும்பிட்டுத் திரும்பினேன். இன்றைக்கு ராத்திரி லாயம்தான் என்று நினைத்துக்கொண்டே வாசற்கதவைத் தாண்டுகிறேன், பின்னாலிருந்து "ப்த்ரூ!" என்று ஒரு குரல், வண்டிக்காரன் தோற்றான். ஸ்வாலா ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டாள். நான் ஓட்டிப் பார்க்கிறேன், அசையவில்லை. ராணியம்மா பனியில் இறங்கி வந்து, "வழியெல்லாம் நாலு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தே, ஒண்ணுமே கேக்கலை. குதிரையை நிறுத்திட்டேன், இனி நீ பேசு" என்றார். பேசினேன், மகனே. மூக்கும் கண்ணும் ஒழுகப் பேசினேன். உன் பேரையும் உன் தளபதி பேரையும் கேட்டுக்கொண்டு, "புது ராஜாகிட்ட என் பேச்சு எடுபடுமோ என்னமோ. ஆனா அந்தத் தளபதி என் அடுப்படியில கிண்ணம் நக்கி வளர்ந்த பய. நான் சொன்னா அவன் நிப்பான்" என்றார்.

பனி உருகியதும் கிளம்பும் முதல் கப்பலில் இந்தக் கடிதமும் வருகிறது, அதிலேயே அவருடைய ஆளும் தளபதியிடம் வருகிறான். விட்டதும் புறப்படு, அங்கே யாரிடமும் சவடால் பேசி நிற்காதே. அம்மாவுக்கு நல்ல ஊசி நாலு வாங்கிவா, எனக்கு ஒன்றும் வேண்டாம், புகையிலை கிடைத்தால் பார். கால்துணியை ஈரத்தோடு கட்டாதே. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் கரை சேர்க்கட்டும். யோன் கை கடுக்கிறது என்று முனகுகிறான், இன்னும் ஒன்றே ஒன்று. நம் வாசலுக்கு வண்டி வந்ததும் வண்டிக்காரனைச் சொல்லவிடாதே. "ப்த்ரூ" என்று நீயே சொல். அடுப்படியில் இருக்கிற உன் அம்மா காதில் விழுகிற மாதிரி சொல்.

இப்படிக்கு, லாயத்தில் படுக்காமல் தப்பிய உன் அப்பா,
பொட்வித் (கைநாட்டு)