பையை விடாத மகன்

வியாழன் இரவு.

இன்றைக்கும் எழுத்து கோணலாகத்தான் வருகிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபது வயதில் பிடித்த பேனா. ஆனாலும் காலையில் செய்தித்தாளில் ஒரு பக்கத்தை நானே படித்துவிட்டேன். ஒரு விமானத்துக்குள் தீ. தரையில் பத்திரமாக இறங்கிய பிறகும் வெளியேறத் தாமதமாகிப் பலர் இறந்திருக்கிறார்கள். பையை எடுக்க நின்றவர்கள் வழியை அடைத்தார்களாம்.

சனிக்கிழமை துபாய்க்குப் பறக்கிற என் மகன் ஏழுமலைக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

"சரி நைனா, பையத் தொடமாட்டேன்" என்றான். கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னான்.

மதியம் இரண்டு பேரும் அவனுடைய விமான டிக்கெட்டை வாங்க விழுப்புரம் போனோம். வழியில் பஸ்ஸின் முன்பக்கம் புகை வந்தது. எல்லாரும் இறங்க, இவன் மட்டும் மேலே இருந்த பையை இழுத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நகர முடியாமல் நின்றாள்.

"காலைல என்னாடா சொன்ன?"

"பாஸ்போர்ட்டு அதுலதான கீது நைனா. இது பஸ்ஸுதான, பிளேனா?"

புகை தானாகவே அடங்கிவிட்டது. எனக்குத்தான் அடங்கவில்லை. இனி அவன் வாய்ச்சொல்லை நம்புவதாக இல்லை.

இப்போது தூங்குகிறான். பாஸ்போர்ட்டை அவன் சட்டைப் பைக்கு மாற்றிவிட்டேன். கூடவே ஒரு சீட்டு: 'முதலில் கதவைப் பார்.' என் கையால் அவனுக்கு எழுதிய முதல் கடிதம். அவன் அம்மா பையில் கட்டிவைத்த மல்லாட்டைக் கடலையையும் எடுத்து ஒளித்துவிட்டேன். அதற்காகவும் திரும்புவான்.

சனிக்கிழமை அவன் துபாயில் இறங்கி போன் செய்ததும் மீதியை எழுதுகிறேன்.