ஆறாவது கட்டு

வேலூர் மதரஸா
3.10.1927

அன்புள்ள ஆபாவுக்கு ஸலாம்.

நீ நச்சரித்தபடியே மார்க்கக் கல்விக்கு வரிசை போட்டுவிட்டேன். சுத்தம், தொழுகை, நோன்பு, ஜக்காத், ஹஜ், நிக்காஹ் என்று ஆறு படி. படிக்கு ஆறு மாதம். படிக்கு ஒரு புத்தகமாக ஆறு கிதாபும் இத்துடன் வருகின்றன. ஒவ்வொன்றையும் நூலால் கட்டியிருக்கிறேன். என் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் எழுதாமல் அடுத்த கட்டை அவிழ்க்காதே.

தம்பி
முனீர் அகமது

ஆம்பூர்
20.11.1927

தம்பி முனீருக்கு துவா.

கிணற்றில் எலி விழுந்தால் எத்தனை வாளி இறைக்க வேண்டும் என்று மூன்றாம் முறையாகக் கேட்டிருக்கிறாய். இருபது. போதுமா? என் பொறுமையைச் சோதிக்காதே.

இங்கே கிணற்றில் விழப்போவது எலியல்ல, உன் ஆபா. வாலாஜாபேட்டை மஹபூப் பாஷாவுக்கு என்னைக் கொடுக்க அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, வீட்டில் பீவியும் இருக்கிறாள், நான் இரண்டாம் தாரமாம். நம் கிடங்குத் தோலையெல்லாம் வாங்குபவர் ஆயிற்றே! எனக்குப் பிடிக்கவில்லை. நிக்காஹ் கிதாபை இப்போதே படிக்கலாமா?

அக்தரி பேகம்

வேலூர்
26.11.1927

ஆபாவுக்கு ஸலாம்.

தலையில் அடித்துக்கொண்டேன். முதல் படியே முடியவில்லை, ஆறாம் படிக்குத் தாவுகிறாய். கல்யாணத்தை அப்பா பார்த்துக்கொள்வார். எலி செத்து ஊதியிருந்தால்? அதை நீ எழுதவே இல்லை.

முனீர்

ஆம்பூர்
11.12.1927

தம்பிக்கு துவா.

ஊதியிருந்தால் கிணறு முழுவதையும் இறைக்க வேண்டும். ஆயிற்றா?

ஆறாவது கட்டை அவிழ்த்துவிட்டேன். கன்னிப்பெண்ணிடம் கேட்கும்போது அவள் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம் என்று அதில் இருக்கிறது. இத்தனை காலம் வெட்கம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

வெள்ளிக்கிழமை நிக்காஹ். பெண்ணிடம் சம்மதம் கேட்டுச் சபையில் சொல்லும் வக்கீலாக கலீமுல்லா மாமு, இரண்டு சாட்சிகளோடு திரைக்கு வெளியே உட்கார்ந்து, "சம்மதமாம்மா?" என்றார். "தலைய ஆட்டுடி" என்று அம்மா என் பிடரியை அழுத்தினாள். ஆனாலும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்: "எனக்கு வேணாம் மாமு. சம்மதம் இல்ல."

"இன்னா பேசுற நீ!" என்று அப்பா கத்தினார். மாமு மட்டும், "பொண்ணு வாயால சொல்லிட்டா, நான் போய் மாத்திச் சொல்ல முடியாது" என்று எழுந்துவிட்டார். பிரியாணியை மட்டும் எல்லாரும் சாப்பிட்டுவிட்டே போனார்கள்.

அப்பா என்னோடு பேசுவதில்லை. அம்மா அழுகிறாள். எனக்கும் அழுகைதான். ஆனால் படிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. இரண்டாம் படிக்குக் கேள்வி அனுப்பு.

பக்கத்து வீட்டு நசீமுன்னிசாவும் படிக்க வருகிறாள். பதினைந்து வயது, அவளுக்கும் வரன் பார்க்கிறார்கள். அவளுக்கு நீ வரிசை போட வேண்டாம், நானே போட்டுவிட்டேன். ஆறாவது கிதாபில் ஆரம்பித்திருக்கிறோம்.

உன் ஆபா
அக்தரி பேகம்