கோப்பை தட்டும் வேலை

அன்பு மகளுக்கு,

சிகிச்சை முடிந்து விருத்தாசலத்தில் உன் டெய்சி அத்தையின் பீங்கான் பட்டறைக்கு வந்து நான்கு மாதமாகிறது.

வந்த புதிதில் என் கை நடுங்கியதால் அத்தை வண்ணம் பூசவிடவில்லை. சூளையிலிருந்து இறக்கிய கோப்பைகளை விரலால் தட்டிப் பார்க்கச் சொன்னாள். நல்ல கோப்பை கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டதில் சத்தம் உடனே அடங்கிவிடும்.

"கண்ணுக்கே தெரியல, ஒனக்கு மட்டும் எப்படிடா கேக்குது?" என்கிறாள்.

எனக்கும் அதுதான் வியப்பு. ஜிகினாக் கோட்டும் இறகுத் தொப்பியுமாக நான் பாடினால் ஐம்பதாயிரம் பேர் ஆடுவார்கள். குடிக்காமல் மேடையேற முடியாது என்றான பிறகு, சுருதி விலகியதுகூட எனக்குக் கேட்கவில்லை. அந்த ஜிகினாக் கோட்டை இப்போது அத்தை கோப்பைகளுக்கு அடியில் மெத்தையாக விரித்திருக்கிறாள்.

ஒன்றையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் பிறந்தநாளுக்கு வராமல், குழறிக்கொண்டே போன் செய்தேன். "பரவால்லப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாய். அதை எப்படி நம்பினேன்?

ஞாயிறு பூசை முடிந்ததும் கூப்பிடுகிறேன். எடுத்தால் அதையே சொன்னாலும் சொல்லம்மா. இந்த முறை எனக்குக் கேட்கும்.

கோப்பை தட்டிக்கொண்டிருக்கும்
உன் அப்பா